பள்ளிவாசல் கொடுத்த ஆள்

பிச்சை ராவுத்தருக்கு மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே ஆகாது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் பீடோங் கடைத்தெருவில் அவருடைய சாப்பாட்டுக் கடை வெள்ளிக்கிழமை நெய்ச்சோற்றுக்குப் பேர் போனது. சுங்கை லாலாங் தோட்டத்துக் கிராணிமார்கள் சைக்கிள் மிதித்து வந்து, இலை போடுவதற்கு முன்பே உட்கார்ந்து மணம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஜப்பான்காரன் வந்த ஒன்றரை வருஷத்தில் அரிசி போய், நெய் போய், உட்கார வந்தவர்களும் போய், அதே அடுப்பில் மூன்று வேளையும் கிழங்கு வெந்தது. காலையில் அவித்த கிழங்கு, பகலில் கிழங்குப் புட்டு, சாயங்காலம் கிழங்கு மாவு அடை. பேரை மாற்றி மாற்றிச் சொன்னாலும் வயிறு ஏமாறுவதாக இல்லை.

அந்த வியாழக்கிழமை அவர் மனைவி மைமூன் கொல்லைப்புறத்தில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி விரித்து, ஆணியால் பொத்தல் போட்டு, சொரசொரப்பு மேலே வரும்படி பலகையில் அடித்த துருவி அது. கொஞ்சம் அசந்தால் கிழங்கோடு விரலும் போகும். அவள் விரல் கணுக்களில் எப்போதும் நாலைந்து கீறல் இருக்கும். ராவுத்தர் துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. டயருக்குப் பதிலாக ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள், கடகடவென்று வரும். ஆள் எடுக்கும் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் தர்மலிங்கம் கிராணி.

"உட்கார நேரமில்லே பாய். சயாமுக்கு ஆள் கேக்கறான். ரயில் ரோடு போடற வேலை. தோட்டத்துக்கு இத்தனை, கடைத்தெருவுக்கு இத்தனைன்னு பிரிச்சிட்டான். உங்க பள்ளிவாசலுக்கு ஒண்ணு."

"ஒரு ஆளா?"

"ஒண்ணேதான். பதினெட்டுலேருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள. முஸ்லிம் ஆளா இருக்கணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுங்கைப்பட்டாணி ஸ்டேஷன்ல நிக்கணும்."

"கொடுக்கலேன்னா?"

"அவனே வந்து எடுப்பான்லா. அப்ப ஒண்ணோட நிக்க மாட்டான்."

மைமூன் ஈரக்கையோடு எழுந்து வந்தாள். "மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்களாமே தம்பி?"

தர்மலிங்கம் சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தார். "அப்படித்தான் சொல்றாங்க அக்கா."

போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை என்பது பாடாங் மேஹாவிலிருந்து பாலிங் வரை எல்லோருக்கும் தெரியும். கிராணிக்கும் தெரியும். அவர் போன பிறகு மைமூன் துருவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் கிழங்கைத் தொடவில்லை. பள்ளிவாசலைச் சேர்ந்த பதினாறு குடும்பத்தில் அந்த வயதுக்குள் திடமாக இருந்தவர்கள் ஐந்தே பேர். அதில் ஒருவன் யாகூப். அவர்களுடைய ஒரே மகன்.

ஐந்து பேர் என்பது பள்ளிவாசல் கணக்கு. அந்தக் கணக்கில் வராத ஆறாவது ஆள் ஒருவன் இருந்தான். அவன் ராவுத்தரின் தம்பி தாவூது.

தாவூதைப் பன்னிரண்டு வயதில் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் ராவுத்தர்தான். தாய் தகப்பன் இல்லாத பையனைக் கடையில் எச்சில் இலை எடுக்க விடாமல் பள்ளிக்கூடம் அனுப்பினார். அவன் படித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனான். கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தான். சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாசார் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு சாராயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, தனக்கு மார்க்கத்தில் நம்பிக்கை இல்லை, தான் இனி முஸ்லிம் இல்லை என்று ஊரறியச் சொன்னான். அதோடு விடவில்லை. வாரா வாரம் ஏறினான். தாயத்துக் கட்டுவது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது, பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தராதது என்று ஆரம்பித்து, சொர்க்கம் நரகம் வரை போனான்.

கடைத்தெரு முஸ்லிம்கள் ஆளுக்கொரு விதமாக அதை வாங்கிக்கொண்டார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். கூடப் படித்தவர்கள் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். நாலு வாலிபர்கள் சாணியைக் கரைத்து அவன் மேல் ஊற்றினார்கள். அந்த நாலு பேரையும், பள்ளியில் தொழவைக்கும் உதுமான் லெப்பை பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி, "சாணியாலயா பதில் சொல்றது? உங்க வாயில என்ன இருக்கு?" என்று கேட்டு, கிணற்றில் தண்ணீர் இறைத்து தாவூதின் சட்டையைத் துவைத்துக் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் தானே மரத்தடிக்குப் போனார். அறுபது வயது, ஒல்லி உடம்பு, கீச்சுக் குரல். "தாவூது, நீ சொல்றதுல பாதி நானே பள்ளியில சொல்லணும்னு இருந்தேன். மீதிப் பாதிக்குத்தான் தகராறு. எறங்கு, நான் ஏறறேன்" என்றார். அன்றிலிருந்து ஒரே பெட்டியில் இரண்டு பேரும் மாறி மாறி ஏறினார்கள். தோட்டத்து ஜனங்கள் கடலை கொறித்துக்கொண்டு கேட்டார்கள்.

ஆனாலும் ஜமாஅத் கூடி அவன் பேரைப் பதிவுப் புத்தகத்திலிருந்து அடித்தது. லெப்பையும் கையெழுத்துப் போட்டார். ராவுத்தர் வீட்டுக்கு வந்து, தம்பியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. தாவூது தோட்டத்துக் கூலிகளின் லயத்துக்குக் குடிபோனான். பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அது அம்மா வச்ச பேரு. அவங்களோட எனக்கு என்ன சண்டை?" என்பான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பெரியவர்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஐந்து வாலிபர்களையும் வெளியே அனுப்பியாகிவிட்டது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

காசிம் பாய்தான் முதலில் வாயைத் திறந்தார். துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது விற்கத் துணி இல்லை, மாட்டு வண்டியில் விறகு ஏற்றிப் பிழைக்கிறார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம புள்ளைங்க அஞ்சு பேரும் இருக்கட்டும். தாவூதை எழுதுங்க."

எல்லோரும் ராவுத்தரைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார்கள்.

"அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்லே. நம்மளோட ஒட்டும் இல்லே. மார்க்கத்தை நடுத்தெருவுல வச்சுப் பேசினவன். அவனுக்காக நம்ம ஒரு புள்ளையைச் சாகக் கொடுக்கணுமா?"

உதுமான் லெப்பை தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார். "காசிம், அவன் நம்ம ஆளா?"

"பொறந்தது நம்மகிட்டத்தானே?"

"நாலு வருஷத்துக்கு முன்னால இதே பாயில உட்கார்ந்து அவன் பேரை அடிச்சோம். நீதான் பேனா கொடுத்தே. கல்யாணத்துக்கு நம்ம ஆள் இல்லே, பெருநாளைக்கு நம்ம ஆள் இல்லே, மவுத்தானா குழிகூடக் கிடையாதுன்னோம். சயாமுக்கு மட்டும் நம்ம ஆளா? நம்மகிட்ட இல்லாத ஆளை நாம எப்படிப்பா கொடுக்கறது?"

இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். காசிம் பாய் சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் பேச்சு லெப்பை. என் மகன் ஜக்கரியா மவுத்தான மூணாம் நாள், பாத்திஹாவுக்குக் கறி வாங்க பாசாருக்குப் போயிருந்தேன். இவன் பெட்டி மேல நிக்கிறான். சொர்க்கம்னு ஒண்ணு இல்லே, அது அழறவங்க வாயில வைக்கிற சீனின்னு சொல்றான். கையில பையோட நின்னு கேட்டேன். பத்தொம்பது வயசுப் புள்ளையை மண்ணுல வச்சிட்டு வந்து நின்னு கேட்டேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுல இன்னொருத்தன் இருக்கான். அவன் பேரும் அந்த அஞ்சுல இருக்கு."

லெப்பை எழுந்து போய் காசிமின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியல் தொழுகைக்குப் பிறகு ஐந்து பேருடைய பேரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவது என்று முடிவாயிற்று. ராவுத்தர் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என்ன வந்துவிடுமோ என்று அவருக்கே பயம். காசிம் தாவூதின் பேரைச் சொன்னபோது, ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், அவர் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது இறங்கியதை அவர் பார்த்துவிட்டார். இனி பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

சனிக்கிழமை காலை, மைமூனிடம் விறகு பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, சுங்கை லாலாங் தோட்டத்துக்கு நடந்தார். பால் எடுக்க ஆள் இல்லாமல் ரப்பர் மரங்கள் சும்மா நின்றன. பால் பிடிக்கும் மங்குகளில் மழைத்தண்ணீரும் கொசுவும். நிரைகளுக்கு நடுவே இடுப்பளவு புல். முன்பு இந்தப் பாதையில் விடிகாலையில் வந்தால் மரத்துக்கு மரம் தமிழ் கேட்கும். இப்போது குரங்குச் சத்தம்தான்.

தாவூது லயத்து வாசலில் உட்கார்ந்து, கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் இடதுகாலைக் கழுவிக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். முப்பத்தெட்டு வயது ஆளுக்குத் தாடி பாதி நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும், நேற்றுப் பேசிப் பிரிந்தவன் மாதிரி, "வாண்ணே" என்றான்.

"காலு என்னடா?"

"மண்வெட்டி பட்டுச்சு. ஆறலே. மருந்து ஏது இப்ப?"

பக்கத்து வீட்டிலிருந்து பாப்பம்மா எட்டிப் பார்த்தாள். "ராவுத்தரா! அதான் நேத்தே மழை கொட்டிச்சு." உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தன் புருஷன் பக்கிரிசாமியின் வேட்டியைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்துப் பட்டியலில் பக்கிரிசாமியின் பேர் வந்திருந்தது. மறுநாள் லாரி.

ராவுத்தர் பலகையில் உட்கார்ந்து, வெகுநேரம் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி அனுப்பற புட்டு நல்லாத்தான் இருக்கு," என்றான் தாவூது. "தேங்காய்தான் கம்மி."

"எந்தப் புட்டு?"

"அடப் போண்ணே. பாப்பம்மா அக்கா கிழங்கு கொண்டாந்து கொடுத்திட்டுத் திரும்பறப்ப கூடையில என்ன இருக்கும்னு உனக்குத் தெரியாதாக்கும்?"

"எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சிக்கிட்டு இருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை இரண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள்.

"ஏண்டா அப்படிப் பண்ணினே?" என்றார் ராவுத்தர். நாலு வருஷமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி. "நம்பிக்கை இல்லேன்னா மனசோட வச்சிக்கிட்டு இருக்கக் கூடாதா? எத்தனை பேர் வச்சிக்கிட்டு இருக்கான்."

"வச்சிக்கிட்டுத்தாண்ணே இருந்தேன், ஏழு வருஷம். உன் பக்கத்துல தோளு இடிச்சிக்கிட்டு நின்னு தொழுதேன். உள்ள ஒண்ணுமே இல்லே. உன்னை ஏமாத்தற மாதிரி இருந்துச்சு."

"என்னையா?"

"ஆண்டவன் இருக்கான்னு எனக்குத் தோணலே. அப்ப நான் ஏமாத்தினது யாரை? உன்னைத்தானே?"

ராவுத்தர் மெல்லச் சொன்னார்: "நான் பாங்கு சத்தம் கேட்டாத்தான் மூச்சு விடறவன்டா. நீ அங்க நின்னு சிரிச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா சொல்றப்ப, என் சட்டையை நடுரோட்டுல கிழிக்கிற மாதிரி இருக்கும்."

"உன்கிட்டேருந்து புடுங்கணும்னு பேசலேண்ணே."

"புடுங்க முடியாதுடா. அதுக்காக வலிக்காதா?"

தாவூது தலையாட்டினான். கழுவிய காலைத் துணியால் ஒற்றினான். "சிரிச்சது தப்பு," என்றான். "பேசினது தப்பில்லே. சிரிச்சது தப்பு." துணியைப் பிழிந்துகொண்டே, "சீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டான்.

"உனக்கு யாரு சொன்னா?"

"தோட்டம் பூரா தெரியும். யாகூபும் உண்டா?"

"ம்."

"காசிம் பாய் என் பேரைச் சொல்லியிருப்பாரே?"

லெப்பை சொன்ன பதிலை ராவுத்தர் சொன்னார். தாவூது கண்ணில் நீர் வர வரச் சிரித்தான். "அந்த மனுசனோட பேசி ஜெயிக்கவே முடியாதுண்ணே. பெட்டி மேலயும் இப்படித்தான்."

அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க ராவுத்தருக்குத் தாங்கவில்லை. "தாவூது, காசிம் சொன்னப்ப நான் ஒரு மூச்சு நேரம் சரின்னு நெனச்சேன்டா."

தாவூதின் கை நின்றது.

"அப்பன்தானே நீ," என்றான் கடைசியில். "அந்த எடத்துல வேற என்ன நெனப்பு வரும்? இரு, கீரை அவிச்சிருக்கேன். சாப்பிட்டுப் போ."

வள்ளிக்கிழங்குக் கீரை, மிளகாய் கிள்ளிப் போட்டு. நாலு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்தார்கள்.

ஞாயிறு விடியல் தொழுகை முடிந்து லெப்பை சீட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். யாகூபும் மற்ற நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள். அப்போது பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் குரல், "ராவுத்தரே! ராவுத்தரே!" என்று கத்தியது. பாப்பம்மா தோட்டத்திலிருந்து ஓடியே வந்திருந்தாள். புடவையெல்லாம் சேறு.

"உங்க தம்பி போயிடுச்சு ராவுத்தரே. எங்க வீட்டுக்காரர் ஏறின லாரியிலயே ஏறிடுச்சு. தோட்டத்து ஆள் இல்லே, பீடோங் பள்ளிவாசல் ஆளுன்னு அதுவே பேர் கொடுத்திடுச்சு. காலுல துணியை இறுக்கிச் சுத்தி, மேல கால்சட்டை போட்டிருக்கு. ஒரு நொண்டல் இல்லாம நடந்து போயி ஏறுச்சு."

லெப்பையின் கையிலிருந்த சீட்டுகள் பாயில் விழுந்தன. எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர் காசிம் பாய்.

"வண்டி பூட்டறேன். வாங்க."

"நீ எதுக்கு காசிம்?" என்றார் லெப்பை.

"நான் வாயால சொன்னேன். அவன் செஞ்சிட்டான்." அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

சுங்கைப்பட்டாணி ஆறு கல். விறகு வண்டியில் ராவுத்தர், லெப்பை, பாப்பம்மா. காசிம் மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டே போனார். வெயில் ஏறிவிட்டது.

ஸ்டேஷனில் இருநூறு பேருக்கு மேல் தரையில் குந்தியிருந்தார்கள். தோட்டத் தமிழர்கள், கொஞ்சம் மலாய்க்காரர்கள். துப்பாக்கியோடு ஜப்பான் சிப்பாய்கள். சாமான் ஏற்றும் மூடு வண்டிகளின் கதவுகள் திறந்து கிடந்தன. மேசை போட்டு தர்மலிங்கம் கிராணி உட்கார்ந்து பேர் வாசித்தார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ஜப்பான் டாக்டர், ஆளைப் பார்க்காமலே கையை ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். தாவூது வரிசையில் நாலாவதாக நின்றான்.

ராவுத்தர் வேலியைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்தார். "வாடா வீட்டுக்கு."

"போண்ணே. ரகளை பண்ணாதே. அவன் அடிப்பான்."

"கிராணி!" என்று காசிம் பாய் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "இவன் பொய் சொல்றான். இவன் எங்க ஆள் இல்லே. முஸ்லிமே இல்லே. பேரை அடிச்சு நாலு வருஷமாச்சு. இவனை எங்க கணக்குல எடுக்கக் கூடாது."

தர்மலிங்கம் பேனாவை வைத்தார். "என்ன பாய் இது? எல்லாரும் ஆளைக் கொடுக்க மாட்டேங்கறான். நீங்க கொடுத்த ஆளைத் திருப்பிக் கேக்கறீங்க. இந்தாளு தன்னை முஸ்லிம்னுதானே எழுதச் சொன்னாரு?"

"முஸ்லிம்தான் எழுதுங்க," என்றான் தாவூது.

"காபிர்! பச்சைக் காபிர்!" காசிம் பாய் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஆண்டவன் மேல ஆணையா சொல்றேன், இவன் காபிர்!"

"லாயிலாஹ இல்லல்லாஹ், முஹம்மதுர் ரசூலுல்லாஹ்," என்றான் தாவூது. சின்ன வயதில் பள்ளியில் அவன் ஓதினால் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். அந்தக் குரல் அப்படியே இருந்தது. குந்தியிருந்த மலாய்க்காரர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தர்மலிங்கத்துக்குத் தலை சுற்றியது. "லெப்பை, நீங்கதான் சொல்லணும். இந்தாளு முஸ்லிமா, இல்லையா? ஒரே வார்த்தை."

எல்லோரும் லெப்பையைப் பார்த்தார்கள். 'இல்லை' என்று சொன்னால் போதும். ராவுத்தர் கண்ணாலேயே கெஞ்சினார். லெப்பையின் தாடி நனைந்தது.

"கலிமா சொல்லிட்டான். என் காதால கேட்டுட்டேன்," என்றார். "அதைச் சொன்னவனை முஸ்லிம் இல்லேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லே கிராணி."

"லெப்பை!" என்று ராவுத்தர் அலறினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதரை அடிக்கக் கை எழுந்தது.

சத்தம் கேட்டு ஒரு சிப்பாய் வந்தான். முன்னால் நின்ற காசிம் பாயின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் விழுந்தார். விழுந்த இடம் தாவூதின் காலடி. கிடந்தபடியே அவர் தாவூதின் கால்சட்டையை முழங்கால்வரை ஏற்றி, சுற்றியிருந்த துணியைப் பிடித்து இழுத்தார். தாவூது காலை உதறினான். காசிம் விடவில்லை. அந்தக் காலத்தில் ஐம்பது கெஜம் பீஸை ஒரே இழுப்பில் விரித்தவர் அவர். துணி கழன்று வந்தது.

புண்ணின் வாடை மேசைவரை வந்தது. டாக்டர் முதல் தடவையாக ஆளைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, என்னவோ கத்தி, கையை வெளிப்பக்கம் வீசினார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தாவூதை முதுகில் நெட்டித் தள்ளினான். காசிம் பாயையும் தள்ளினான்.

ராவுத்தருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் இன்னொரு பயம் வந்தது. "அப்ப வேற ஆள் கேப்பீங்களா?" என்றார் கிராணியிடம்.

தர்மலிங்கம் தாளைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினார். "பள்ளிவாசல் ஒரு ஆளைக் கொண்டாந்துச்சு. டாக்டர் தள்ளிட்டாரு. என் தாள்ல உங்க வரி முடிஞ்சிடுச்சு பாய். நான் நிமிர்றதுக்குள்ள போயிடுங்க."

அவர்கள் உடனே போகவில்லை, போக முடியவில்லை. பாப்பம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கிரிசாமி வண்டிக்குள் ஏறுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தார். அவள் கொண்டுவந்த அவித்த கிழங்கு மூட்டையை லெப்பை சிப்பாயிடம் கும்பிட்டுக் கேட்டு உள்ளே சேர்ப்பித்தார். கதவுகளை இழுத்து மூடினார்கள். ரயில் போனது. போன பிறகும் பாப்பம்மா கம்பியை விடவில்லை. ராவுத்தர்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வண்டிக்கு அழைத்து வந்தார்.

திரும்பும்போது தாவூது காலை நீட்டிப் படுத்திருந்தான். காசிம் பாயின் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பாதி வழியில் காசிம் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"இன்னிக்கு அங்க நின்னவங்கள்ல உண்மை பேசினது நான் ஒருத்தன்தான்."

"ஆமா பாய்," என்றான் தாவூது. "நான் காபிர்தான்."

லெப்பை மெதுவாகக் கேட்டார்: "நெஞ்சால சொல்லலையா?"

"இல்லே லெப்பை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைச் சாகக் கொடுக்கப் பாத்தீங்க?"

"வாய்தான்ப்பா என் காதுக்கு எட்டும். நெஞ்சு ஆண்டவன்பாடு." லெப்பை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "உன் அண்ணன் என்னை ஒரு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன்."

மாடு நாலடி நடந்தது.

"காசிம் பாய்," என்றான் தாவூது. "அன்னிக்கு ஜக்கரியா மவுத்தான மூணாம் நாள்னு எனக்குத் தெரியாது. நேத்து அண்ணன் சொல்லித்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா அன்னிக்குப் பேசியிருக்க மாட்டேன்."

"வேற அன்னிக்குப் பேசியிருப்பே."

"பேசியிருப்பேன்."

காசிம் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். திரும்பினார். "என் மகன் சொர்க்கத்துல இருக்கான். இல்லேன்னு சொல்லு பாப்போம், இப்ப."

தாவூது வெகுநேரம் அவருடைய வீங்கிய முகத்தைப் பார்த்தான். "நான் என்ன நெனைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும் பாய். ஆனா நீங்க அவனைத் திரும்பப் பாக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. அது பொய்யில்லே."

காசிம் மாட்டைத் தட்டினார். அதற்குப் பிறகு வண்டியில் கேட்டது பாப்பம்மாவின் அழுகை மட்டும்தான்.

தாவூதை நேராக அண்ணன் வீட்டுக்கே கொண்டு போனார்கள். மைமூன் பின்கட்டில் பாயை உதறிப் போட்டாள். யாகூப் தன் சின்னத்தா தாவூதின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காசிம் பாய் வீட்டிலிருந்து வெள்ளைத் துணி ஒரு முழம் வந்தது, புண்ணுக்குக் கட்ட. ஊரிலேயே துணி இல்லாத நேரம் அது. தான் மவுத்தானால் போர்த்தும் கபனுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த துணியில் கிழித்தது என்று மைமூனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்காக ஊர் மாறிவிட்டது என்றில்லை. பதிவுப் புத்தகத்தில் அவன் பேரைத் திரும்ப எழுத யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போனவர்களில் சிலர் இன்னும் தாண்டித்தான் போனார்கள். லெப்பை மட்டும் சாயங்காலம் அசர் தொழுததும் பின்கட்டுக்கு வந்துவிடுவார். இருட்டும்வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்பார்கள். "பெட்டி இல்லாமலே இவ்வளவு சத்தமா?" என்பாள் மைமூன். பக்கிரிசாமியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை, அன்றும் சரி, பிற்பாடும் சரி. பாப்பம்மா கிழங்குக் கூடையோடு வரும்போதெல்லாம் ராவுத்தர் எழுந்து நின்று வாங்குவார்.

பள்ளிவாசலுக்கு மறுபடி ஆள் கேட்டு யாரும் வரவில்லை. நோன்பு மாதம் வந்தது. ஒரு பகல், மைமூன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். யாகூப் விறகுக்குப் போயிருந்தான். ராவுத்தர் அடுப்பு மூட்டினார். கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, வேகவைத்து, இருந்த ஒரு துண்டுத் தேங்காயைத் துருவிப் போட்டார். பசியும் புகையுமாக அவருக்குக் கண் இருண்டு இருண்டு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

தாவூது தட்டைப் பார்த்தான். அண்ணனின் காய்ந்த உதட்டைப் பார்த்தான். "வச்சிரு. நோம்பு திறக்கறப்ப உன்கூடச் சாப்பிடறேன்."

"உனக்கென்ன நோம்பு? புண்ணு ஆறணும். தின்னு."

"உனக்கு முன்னால எப்படிண்ணே?"

"நான் அந்தப் பக்கம் பாக்கறேன். தின்னு."

ராவுத்தர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லே."

"சொல்லு. நான் வாயில வச்சுப் பாக்கலே. உனக்குத்தான் தெரியும்."

"உப்புப் போடலேண்ணே."

ராவுத்தர் கையை ஊன்றி எழுந்தார். அடுக்களைக்குப் போய், மேல் தட்டிலிருந்த தகர டப்பாவை இறக்கி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"கையை எடு," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, தட்டு முழுக்க ஒன்றுபோல் விழும்படி தூவினார்.